காற்றுக்குப் போன டோஸ்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே பிசிக்ஸ் மேடம். முதுகுக்குப் பின்னால் அரைமில்லி.

இரண்டாவது பெயரை வைத்தவன் கதிர்வீச்சு மெஷினை இயக்கும் டெக்னீஷியன். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷினுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியை வைத்து அதற்குள் அளவுக்கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் குனிந்து மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "அரை மில்லி தள்ளியிருக்கு" என்றாள்.

"அரை மில்லிதானே மேடம்?"

"அரை மில்லிதானேன்னா சரி பண்றதும் சுலபம்தானே? பண்ணிடு."

சுலபமாக இல்லை. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் முறுக்கிக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போன பிறகுதான் அவனை விட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். அது அவள் காதுக்கு எட்டியபோது கோபப்படவில்லை. "ஒரு மில்லின்னு வெச்சு மானத்த வாங்காம விட்டீங்களே" என்றதோடு சரி.

படிப்பு முடிந்ததும் கல்லூரியில் ஒரு வருடம் பாடம் எடுத்துப் பார்த்தவள் அவள். குரல் பின் பெஞ்சுக்கு எட்டவில்லை. எட்டிய முன் பெஞ்சு தூங்கியது. அதன்பிறகு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இந்தப் பிரிவுக்கு வந்தாள். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர் திரைகள், வெயிலே பார்க்காமல் செத்துப்போன ஒரு செடியின் தொட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். மீதியை அவளே மெஷினோடு வந்த கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்தும், தண்ணீரில் அளந்தும் கற்றுக்கொண்டாள்.

வேலை இதுதான். டாக்டர் நோயாளியின் ஸ்கேன் படத்தில் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டுத் தருவார். இங்கே இவ்வளவு டோஸ் போகவேண்டும், அங்கே இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதித் தருவார். டோஸ் என்பது அந்த இடம் வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. எந்தெந்தக் கோணத்திலிருந்து, எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் கதிரைப் பாய்ச்சினால் அது நடக்கும் என்று கண்டுபிடிப்பது அவள் பாடு. உயிரோடிருக்கும் மனிதனின் நெஞ்சுக்குள் கருவியை நுழைத்து, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க முடியாது. எல்லாம் கணக்கை நம்பித்தான். அந்தக் கணக்குப் போடும் முறை மாறியபோதுதான் அவளுக்குச் சோதனை வந்தது.

பல வருடங்களாக அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரு பழைய முறை. உடம்பு முழுவதையும் அது தண்ணீர் மாதிரி பார்க்கும். கதிர் போகும் பாதையில் நுரையீரல் குறுக்கே வந்தால், இது தண்ணீரைவிட லேசானது என்று அந்தப் பாதைக்கு மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்காது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அது போதும். நுரையீரலில் போதாது.

ஏன் போதாது என்று கணவருக்கு ஒருமுறை விளக்கினாள். அவர் கார் எலக்ட்ரீஷியன். தெருமுனையில் சொந்தக் கடை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டுப் போடும்போது ஆரம்பித்த பேச்சு.

"கதிர் நேரா வேலை செய்யறதில்ல. அது போற வழியில குட்டிக் குட்டித் துகளைத் தட்டி விடும். அந்தத் துகள்தான் வேலையைச் செய்யும். சதைக்குள்ள ஒவ்வொரு இடமும் பக்கத்து இடத்துக்குக் கொஞ்சம் துகள் அனுப்பும், அங்கேருந்தும் கொஞ்சம் வரும். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்துல ஏதாவது குடுத்தா அவங்க சும்மா திருப்பித் தரமாட்டாங்க இல்ல, அந்த மாதிரி."

"சரி."

"கட்டியோட ஓரத்துக்குப் பக்கத்து வீடு நுரையீரல். அங்க பாதிக்கு மேல காத்து. குடுத்தது போயிடும், திரும்பி ஒண்ணும் வராது. அதனால கட்டியோட ஓரத்துக்கு மட்டும் டோஸ் குறையும்."

"கிண்ணமும் போச்சா?"

"கிண்ணமும் போச்சு. பழைய கணக்குக்கு இது தெரியாது. எல்லா வீட்டுலயும் ஆள் இருக்குன்னு நெனச்சுக்கும்."

புதிய முறை அப்படி நினைப்பதில்லை. கோடிக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, எது எங்கே மோதி எங்கே நிற்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கும். எந்தத் துகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பகடை போடுவதுபோல் தீர்மானிக்கும். அத்தனை கோடித் தடவை உருட்டினால் அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் உண்மை தேங்கி நிற்கும். "உசிர் விஷயத்துல பகடை உருட்டறீங்களா? நல்ல ஆஸ்பத்திரி" என்று கணவர் எழுந்து கை கழுவப் போனார்.

புதிய முறை கம்ப்யூட்டரில் ஏறியதும் அவள் செய்த முதல் காரியம், முடிந்துபோன பழைய சிகிச்சைத் திட்டங்களை வெளியே எடுத்து, அதே கதிரை, அதே கோணத்தில், புதிய முறையில் மறுபடி கணக்கிட்டது. இடுப்பு, தலை, கழுத்து என்று பல இடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னன. நுரையீரலுக்கு வந்தபோது பிரிந்தன. பழையது நூறு சதவீதம் என்று சொன்ன ஓரத்தைப் புதியது எண்பத்தெட்டு என்றது.

இரண்டு கணக்கும் சண்டை போட்டால் அளந்து பார்ப்பதுதான் அவள் வழக்கம். நோட்டீஸ் பலகை விற்கும் கடையில் தக்கைப் பலகைகள் வாங்கி அடுக்கினாள். தக்கை நுரையீரல் மாதிரி. உள்ளே எல்லாம் காற்று. ஒரு சின்ன ரப்பர் பந்தை இரண்டாக வெட்டி, அதை அச்சாக வைத்து மெழுகு உருண்டை செய்தாள். அது கட்டி. உருண்டையின் நடுவே, கதிர் பட்டால் நிறம் அடரும் ஃபிலிமைச் சொருகினாள். ஃபிலிம் புதிய கணக்கின் பக்கம் பேசியது.

டாக்டரிடம் முடிவைக் காட்டினாள். அவரும் அவளும் ஒரே வருடம் இங்கே சேர்ந்தவர்கள். "அப்போ இத்தனை வருஷமா நான் எல்லாருக்கும் குறைச்சுக் குடுத்திருக்கேனா?" என்றார்.

"நீங்க குடுத்தது குடுத்ததுதான் டாக்டர். அதுல குணமானவங்க குணமானாங்க. நாம அதுக்குப் போட்ட நம்பர்தான் தப்பு."

"அந்த நம்பரை வெச்சுத்தானே எது போதும், எது அதிகம்னு நான் கத்துக்கிட்டேன்? இப்போ நீங்க புது நூறு குடுத்தா அது என் பழைய நூறு இல்ல. அதைவிடப் பெருசு."

அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. புதிய கணக்கில் ஓரம்வரை நூறு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முன்பு யாருக்கும் கொடுக்காத அளவு கதிரை உள்ளே அனுப்பவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, ஆள் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த ஏற்பாட்டில் முதலாவதாக வந்தவர்தான் ரெஃபரி.

அவர் கால்பந்து ரெஃபரி. அறுபதைத் தாண்டியும் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதர். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், விலா எலும்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. அறுவை சிகிச்சைக்கு இதயம் ஒத்துழைக்காது. பெரிய டோஸாக, சில தடவைகள் மட்டும் கொடுத்து முடித்துவிடுவது என்று டாக்டர் முடிவுசெய்தார். சிறுகச் சிறுகப் பல வாரம் கொடுக்கும் சிகிச்சையில் முதல் நாள் தப்பை மூன்றாம் நாள் திருத்திக்கொள்ளலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது.

ஸ்கேன் எடுக்க வந்த அன்று மச்சான் துணைக்கு வந்திருந்தார். ரெஃபரி அவரை அவளுக்கு அறிமுகம் செய்தார்: "என் பொண்டாட்டியோட தம்பி. முப்பது வருஷமா இவனுக்கு மட்டும்தான்மா என்னால ரெட் கார்டு காட்ட முடியல."

"நான்தான் வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வந்தேன் மாமா. இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் மச்சான்.

"பாத்தீங்களா, ஆடுற ஆளை விட பெஞ்சுல உக்காந்தவனுக்கு வாய் அதிகம்." பிறகு ரெஃபரி குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "திரும்ப ஓட முடியுமாம்மா?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். உங்க நல்ல நுரையீரலையும் விலாவையும் முடிஞ்சவரைக்கும் தொடாம பாத்துக்கறது என் பொறுப்பு."

சொன்னதும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மூச்சு விடும்போது கட்டி மேலும் கீழும் நகரும். அதனால் கட்டியை மட்டும் குறிவைக்காமல், அது போய்வரும் இடமெல்லாம் அடங்குகிற மாதிரி சுற்றிலும் ஒரு உறை வரைவார்கள். டாக்டர் வரைந்து கொடுத்தார். அரைமில்லி புதிய முறையில் திட்டம் போட உட்கார்ந்தாள். உறையின் ஓரத்தில் டோஸ் குறைந்தது. திரையில் அந்த இடம் சிவப்பாக மின்னியது. குறை என்று ஒன்று திரையில் தெரிந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கதிரை அங்கே கொஞ்சம் ஏற்றினாள். சிவப்பு நகர்ந்தது. இன்னும் ஏற்றினாள். இரண்டு நாள் உட்கார்ந்து, உறையின் மூலைமுடுக்கெல்லாம் கேட்ட டோஸைக் கொண்டுவந்தாள். விலா எலும்பின் அளவும் டாக்டர் போட்ட எல்லைக்குள், மயிரிழையில், நின்றது. இவ்வளவு சுத்தமான திட்டத்தை அவள் போட்டதே இல்லை.

தக்கையில் வைத்து அளந்தாள். ஃபிலிமும் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விதிப்படி அத்தோடு பரிசோதனை முடிந்தது. ஆனால் அவளுக்கென்று இன்னொரு பரிசோதனை உண்டு: கணவர் செய்துகொடுத்த ஆடும் பலகை. காரின் வைப்பர் மோட்டார் ஒன்று பலகையை முன்னும் பின்னும் தள்ளும். மேலே வைத்த மெழுகுக் கட்டி மூச்சு விடுவதுபோல் நகரும். அந்த மோட்டார் எரிந்துபோய் ஒரு மாதமாகிவிட்டது. கணவரிடம் வேறொன்று கேட்டுக் கேட்டு அலுத்து, இந்தத் தடவை அது இல்லாமலே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

சிகிச்சை தொடங்கும் நாள் காலையில், கடையைத் திறந்த கையோடு கணவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து போன் செய்தார்.

"மோட்டார் கெடைச்சுது. வந்து வாங்கிக்க."

"இன்னிக்கா? இன்னிக்கு எதுக்கு?"

"நீதானே ஒரு மாசமா உசிரை எடுத்தே? ஒரு வேன்லேருந்து கழட்டிட்டு வந்திருக்கேன். வேன்காரர் கடையில டீ குடிச்சிட்டிருக்காரு. மழை வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்தாகணும்."

ரெஃபரியின் நேரத்துக்கு இன்னும் இடைவெளி இருந்தது. மெஷினும் சும்மா இருந்தது. கொண்டுவந்ததை விடுவானேன் என்றுதான் மாட்டினாள். டெக்னீஷியன் பலகையைத் தட்டிவிட்டான். மெழுகுக் கட்டி தக்கைக்குள் நிதானமாக மூச்சு விட்டது. அதே கதிர், அதே கோணங்கள். முடிந்ததும் ஃபிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

விலா இருக்கும் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கருமை.

ஸ்கேனரில் வைத்துப் படித்தாள். கட்டியின் அந்த ஓரத்துக்குக் கேட்டதைவிடக் கால் பங்கு அதிகம். விலா எலும்புக்குப் பதிலாக வைத்த பிளாஸ்டிக் பட்டையின் ஃபிலிம் டாக்டரின் எல்லையைத் தாண்டியிருந்தது. அளவில் தவறா என்று, தெரிந்த அளவு கதிர் காட்டி ஒப்பிட வைத்திருந்த ஃபிலிம் துண்டையும் பார்த்தாள். தவறில்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. உறைக்குள் கட்டியைச் சுற்றி இருந்தது வெறும் காற்றும் கொஞ்சம் நுரையீரலும். காற்றில் டோஸ் குறைவாகத்தான் இருக்கும். புதிய கணக்கு உள்ளதை உள்ளபடி சொன்னது. அவள்தான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு, காற்றை நிரப்பக் கதிரை வாரி இறைத்திருந்தாள். காற்று அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மூச்சோடு கட்டி அந்த இடத்துக்கு நகர்ந்ததும், அங்கே காத்திருந்த கதிர் மொத்தமும் கட்டியின் மேலும் பக்கத்து எலும்பின் மேலும் இறங்கியது. கம்ப்யூட்டர் கணக்கில் ரெஃபரி மூச்சே விடவில்லை.

பழைய முறைக்குக் காற்று தெரியாது. அதனாலேயே அது இந்த வேலையைச் செய்திருக்காது.

டாக்டரின் அறைக்குப் போய் ஃபிலிமை மேசையில் வைத்தாள். "இன்னிக்கு வேணாம் டாக்டர்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கட்டிக்குத்தானே கூடப் போகுது? அது செத்தா நல்லதுதானே?"

"கட்டியோட நின்னா நானும் சும்மா இருந்திருப்பேன். எலும்பைப் பாருங்க. எல்லை போட்டது நீங்கதான்."

"நேத்து எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்து வாங்கினீங்க?"

"ஆமா. நான் போட்ட திட்டம்தான் தப்பு. கணக்கு தப்பில்ல."

"என்ன வித்தியாசம்?"

சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து சிரித்தார். "அப்போ பழைய பொய்யனே தேவலயா?"

"பொய்யன் பொய்யன்தான். ஆனா அவன் சொன்ன ஒரு பொய் நமக்கு வேணும். திட்டம் போடும்போது மட்டும் அந்த உறைக்குள்ள இருக்கறது காத்து இல்ல, சதைன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடறேன். அப்போ அது அங்க வாரி இறைக்காது, சமமா அனுப்பும். திட்டம் முடிஞ்சதும் பொய்யை எடுத்துடறேன். உண்மையான நெஞ்சுல புதுக் கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் உங்ககிட்ட காட்டுவேன்."

"உறை ஓரத்துல குறைச்சலாக் காட்டுமே?"

"காட்டும்."

"உங்களால அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா, அரைமில்லி?"

அவர் அந்தப் பெயரை அவள் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். அவள் ஃபிலிமை எடுத்துக்கொண்டாள். "எவ்வளவு நாள் வேணும்?" என்றார். "ரெண்டு நாள்" என்றாள்.

ரெஃபரி காத்திருக்கும் அறையில், ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு, முட்டிமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். டெக்னீஷியனை அனுப்பிச் சொல்லியிருக்கலாம். அவளே போனாள்.

"ஐயா, இன்னிக்கு ஆரம்பிக்கல. என் திட்டத்துல ஒரு தப்பு இருக்கு. உங்க விலாவுக்கு அதிகமாப் போகுது. மாத்திட்டு நாளைக்கழிச்சு ஆரம்பிக்கலாம்."

மச்சான் எழுந்தார். "என்னங்க இது? லீவு போட்டுட்டு வந்திருக்கேன். துணியெல்லாம் மாத்தின பிறகு தப்புன்னா என்ன அர்த்தம்? ரெண்டு நாள்ல கட்டி வளந்துட்டா?"

"ரெண்டு நாள்ல அப்படி வளராது. டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க. அதிகமாக் குடுத்துட்டா என்னால திருப்பி எடுக்க முடியாது."

"இதை நேத்தே பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்" என்றாள்.

ரெஃபரி மச்சானின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நான் விசில் ஊதின பிறகு முடிவை மாத்தினதே இல்லம்மா. தப்புன்னு எனக்கே தெரிஞ்சப்பகூட" என்றார். "அதுல ரெண்டு மூணு இன்னும் தூக்கத்துல வரும். நீங்க இன்னும் ஊதல இல்ல?"

"இல்ல."

"அப்போ சரி. நல்லா யோசிச்சு ஊதுங்க." எழுந்து அங்கியின் முடிச்சைத் தேடினார். "டேய், இதைக் கழட்டி விடு. இதுக்காவது உதவு."

புதிய திட்டம் மறுநாள் மத்தியானமே தயாரானது. பொய்யை எடுத்துவிட்டு உண்மையான நெஞ்சில் கணக்கிட்டபோது, கட்டிக்கு வேண்டியது கிடைத்தது. உறையின் ஓரம் எண்பத்தாறு என்று சிவப்பாக மின்னியது. விலா எல்லைக்குள் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆடும் பலகையில் வைத்துப் பார்க்க மோட்டார் இன்னும் அவளிடமே இருந்தது. கணவர் மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

"மேகம் கறுத்துட்டு வருது. வேன்காரர் இன்னிக்கும் வந்து உக்காந்திருக்காரு. டீ குடிக்கறதை நிறுத்திட்டு முறைச்சுப் பாக்கறாரு."

"அவருக்கு இன்னொரு டீ சொல்லுங்க."

"ஒரு ஆள் எத்தனை டீதான் குடிப்பாரு?"

"அப்போ ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க. நான் இங்க ஒருத்தரை மூச்சு விட வெச்சுட்டிருக்கேன்."

மெழுகுக் கட்டி தக்கைக்குள் போய்வந்தது. ஃபிலிமில் பிறை இல்லை. கட்டி எங்கே நகர்ந்தாலும் நிறம் ஒரே சீராக இருந்தது. பிளாஸ்டிக் பட்டையும் எல்லைக்குள்.

டாக்டருக்கு அனுப்புவதற்கு முன் டெக்னீஷியன் திரையை எட்டிப் பார்த்தான். "மேடம், ஓரத்துல சிவப்பா இருக்கே. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரி பண்ணலையா?"

"அது காத்து. அது குறைச்சலாத்தான் இருக்கணும்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அவளுக்கும் கை மவுஸை விட்டு வரவில்லை. இத்தனை வருடத்தில் சிவப்பு மின்னும் ஒரு திட்டத்துக்கு அவள் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டாள். மோட்டாரைக் கழற்றித் துணியில் சுற்றி வாசலுக்கு எடுத்துப்போனபோது முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கணவர் வாங்கிக்கொண்டு ஓடினார்.

அடுத்த நாள் ரெஃபரியின் சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்றதும், படுத்த வாக்கிலேயே, "முடிஞ்சுதா? எக்ஸ்ட்ரா டைம் உண்டா?" என்று மைக்கில் கேட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வந்தவர், டாக்டரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி அடித்தளத்துக்கு வந்தார். கட்டி இருந்த இடத்தில் தழும்புதான் தெரிகிறது என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் சில வருடம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமாம்.

"விலா வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மைதானம் முழுக்க ஓட முடியல, மூச்சு வாங்குது. கோட்டுக்கு வெளிய நின்னு கொடி காட்டறேன். கத்த மட்டும் நல்லா முடியுது."

"அதுதாங்க எங்களுக்குப் பிரச்சினை" என்றார் பின்னால் நின்ற மச்சான்.

அவர்கள் போனதும் அவள் மேசைக்குத் திரும்பினாள். திரையில் வேறொரு நெஞ்சு காத்திருந்தது. இடது பக்கம், மேல்பகுதி. டாக்டர் கட்டியையும் உறையையும் வரைந்து அனுப்பியிருந்தார். மேசைக்கு அடியில் ஆடும் பலகை, அதற்கென்றே வாங்கிய சொந்த மோட்டாரோடு இருந்தது. அது ஓடுகிறதா என்று முதலில் காலால் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். ஓடியது. பிறகு உறைக்குள் இருந்த காற்றைத் தேர்ந்தெடுத்து, அது சதை என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள்.